இன்றிரவு வரமாட்டேன் என்று சொன்னவர்கள்

தம்பி,

நேற்றைக்கு முந்தின ஞாயிறு பூசையில் உன்னுடைய முதல் கலியாண ஓலை வாசித்தார்கள். உன் பெயர், அப்பாவின் பெயர், என் பெயர், பிறகு நீ கட்டப்போகிற பிள்ளையின் பெயர், அவளுடைய தாய் தகப்பனின் பெயர். மூன்று ஞாயிறு இப்படி வாசித்த பிறகுதான் கலியாணம். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தைக்கு அறிவிக்க வேண்டும் என்று வழமைபோல அவரே சொல்லி முடித்தார். வாழ்நாளில் நூறு ஓலை கேட்டிருப்பேன். அந்தக் கடைசி வசனத்தைக் காதில் வாங்கியதே இல்லை. அன்றைக்கு எனக்கு முன்வாங்கில் ஸ்ரெலா இருந்தாள். திரும்பிப் பார்த்து, "சந்தோசம் டீச்சர்" என்று சத்தமில்லாமல் வாயசைத்தாள். நானும் சிரித்தேன். என்ன சிரிப்பு அது என்று எனக்கே தெரியவில்லை. பூசை முடியும்வரை என்னால் முழந்தாளில் இருக்க முடியவில்லை. கால் நோகிறது என்று அப்பாவிடம் பொய் சொன்னேன்.

இந்தக் கடிதத்தை நான் உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. ஒரு பிரதியை உனக்கு அனுப்பிவிட்டு, இன்னொன்றை மீனவர் சங்கத்து அறிவித்தல் பலகையில் குத்தப்போகிறேன். ஆகையால் உனக்குத் தெரிந்த விசயங்களையும் அங்கே நின்று வாசிப்பவர்களுக்காக விளக்கி எழுத வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கு வகுப்பெடுக்கும் பழக்கம் போகவில்லை என்று சலித்துக்கொள்ளாதே. கொழும்பில் உன் கந்தோரில் உனக்குக் கீழே எத்தனை பேர் வேலை செய்தாலும், இந்த ஒரு கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் வாசி. என்னுடைய எழுத்தை நீ வாசிக்காமல் விட்டது ஒரு தடவை போதும்.

சங்கத்துக்கு நான் அந்தப் புரோகிராமை எழுதிக் கொடுத்தபோது நீ ஓ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். எனக்குத் தெரிந்த கம்பியூட்டர் மொழி பஸ்கால் மட்டும்தான். கணித ஆசிரியர்களுக்கென்று வவுனியாவில் வைத்த வகுப்பில் படித்தது. கடலுக்குப் போகிறவர்கள் விடியப்புறம் சங்கத்துக் கம்பியூட்டரோடு இணைத்த போனுக்கு ஒரு மிஸ்ட் கோல் விட வேண்டும். கரைக்கு வந்ததும் இன்னொன்று. அதை இயந்திரமே குறித்துக்கொள்ளும். பின்னேரம் அது கடலுக்குப் போனவர்களின் பட்டியலிலிருந்து இரண்டாவது பட்டியல் ஒன்று எடுக்கும், இன்றிரவு வரவேண்டியவர்கள் என்று. காற்று மாறி வேறு கரையில் தங்குகிறவர்கள் எனக்குப் போன் எடுத்துச் சொல்வார்கள். நான் அவர்களுடைய பெயரை இரண்டாவது பட்டியலிலிருந்து மட்டும் எடுத்துவிடுவேன். ஏழு மணிக்கு அதில் யாராவது மிச்சமிருந்தால் வீட்டுக்கும் சங்கத்துக்கும் செய்தி போகும். முதல் பட்டியல் அப்படியே இருக்கும். வேறு கரையில் தங்கியவர் மறுநாள் மத்தியானம் வரைக்கும் வந்து சேராவிட்டால், அதைப் பார்த்து இன்னொரு செய்தி போகும். ஐந்தாறு வருசத்தில் ஊர் அதற்குப் பழகிவிட்டது. ஆள் வரவில்லை, செய்தியும் வரவில்லை என்றால், சொல்லிவிட்டுத்தான் எங்கேயோ நிற்கிறார் என்று பெண்கள் அடுப்பை மூட்டத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு அதில் சரியான பெருமை.

பிறகு அந்தப் பழைய கம்பியூட்டர் படுத்துவிட்டது. புதியது வாங்கிக் கொடுத்தவர்கள், இதில் உங்கள் பஸ்கால் எல்லாம் ஓடாது என்றார்கள். நீதான் சொன்னாய், பைதனுக்கு மாற்றுங்கோ அம்மா, லேசு, வரிக்கு வரி மாற்றலாம் என்று. நானும் வரிக்கு வரி மாற்றினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, ஒரு வாக்கியத்தைக்கூட விடாமல் மூன்று மாதம் இருந்து மாற்றினேன். முடித்து உனக்கு அனுப்பிவிட்டுப் போனில் கேட்டேன். "நல்லா இருக்கம்மா. ஓடுதுதானே?" என்றாய். "ஓம், ஓடுது," என்றேன். "அப்ப சரி," என்றாய். பின்னால் உன் சிநேகிதர்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. நீ அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் நல்லா இருக்கு என்ற சொல் தேனாக இனித்தது. அதை வைத்துக்கொண்டு ஆசிரியர் அறையில் ஒரு கிழமை நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

பிழை ஒரேயொரு வரியில். பஸ்காலில் நான் எழுதியிருந்த விதத்தில், ஒரு பட்டியலை இன்னொரு பெயருக்குக் கொடுத்தால் அது தனியாக இன்னொரு பட்டியலாகிவிடும். இதில் வெட்டினால் அதில் வெட்டுப்படாது. பைதனில் அதே வரியை எழுதினால் பட்டியல் ஒன்றுதான், பெயர் மட்டும் இரண்டு. நம்முடைய பிள்ளைகளுக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று இருக்கிற மாதிரி. எந்தப் பெயரைச் சொல்லி அடித்தாலும் அடி விழுவது ஒரே முதுகில்தான். ஆகவே, இன்றிரவு வரமாட்டேன் என்று சொன்னவரை நான் இரண்டாவது பட்டியலிலிருந்து எடுத்தபோதெல்லாம் அவர் முதலாவதிலிருந்தும் போய்விட்டார். கடலுக்கே போகாதவர் மாதிரி ஆகிவிட்டார். சொல்லாமல் நின்றவர்களைத் தேடி ஒழுங்காகச் செய்தி போனது. ஒழுங்காகச் சொன்னவர்களைத்தான் அது மறந்தது. ஏழு மாதம் அப்படி ஓடியது. அந்த ஏழு மாதமும் தங்கியவர்கள் எல்லோரும் சுகமாக வந்து சேர்ந்தபடியால் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

வாடைக்காற்று தொடங்கிய ஒரு திங்கட்கிழமை பின்னேரம் நாலரைக்குச் சவிரி எனக்குப் போன் எடுத்தார். ஸ்ரெலாவின் புருசன். நண்டு வலைக்குத் தனியாகப் போகிறவர். தெற்கே அரிப்புக் கரையில் ஒதுங்கி நிற்கிறேன், இன்றைக்கு வரமாட்டேன் என்றார். நான் பெயரை எடுத்தேன். செவ்வாய் விடிய அவர் அரிப்பிலிருந்து வெளிக்கிட்டிருக்கிறார். வழியில் இயந்திரம் நின்றிருக்கிறது. செவ்வாய் மத்தியானம் போகவேண்டிய செய்தி போகவில்லை. செய்தி வராதபடியால் ஸ்ரெலாவும் பொறுத்திருந்தாள். புதன் பின்னேரம் என்னிடம் வந்து, "டீச்சர், அவர் உங்களுக்கு என்ன சொன்னவர்?" என்று கேட்டாள். நான் பட்டியலைத் திறந்தேன். திங்கள், செவ்வாய், இரண்டு நாளிலும் பெயர் இல்லை.

இனி எழுதப்போவதை நான் அப்பாவுக்குக்கூடச் சொன்னதில்லை. சவிரியின் குரல் என் காதில் இருந்தது. ஆனால் அதற்கு முதல் கிழமையும் அவர் அரிப்பில் தங்கியவர். அந்தக் குரல் போன கிழமைக் குரலோ என்று என்னையே சந்தேகப்பட்டேன். என் கைப்பேசியை எடுத்துப் பார்த்திருந்தால் நாலரை மணி அழைப்பு அதில் இருந்திருக்கும். பார்க்கவில்லை. மறந்து அல்ல, பயந்து. திரையை ஸ்ரெலாவின் பக்கம் திருப்பி, "பேர் இல்லையே ஸ்ரெலா," என்றேன். அவள், "அவர் சொல்லாமப் போறவரில்லை டீச்சர்," என்றாள். நான் திரும்பவும் திரையைத்தான் காட்டினேன். அரிப்பு என்ற சொல்லை நான் சொல்லாதபடியால் வியாழக்கிழமை போன படகுகள் வடக்கே பேசாலைப் பக்கம் தேடின. வெள்ளிக்கிழமை தெற்கே அவருடைய படகு கிடைத்தது. நங்கூரக் கயிறு அறுந்து கிடந்தது. தண்ணீர்க் கான் வெறுமையாக இருந்தது. சனிக்கிழமை கொண்டச்சி மீனவர்கள் அவரைக் கண்டு, வெள்ளைச் சாரத்தால் மூடி, கரையில் ஆள் வைத்துக் காத்திருந்து நமக்குச் சொல்லி அனுப்பினார்கள். சங்கம் என்ன முடிவுக்கு வந்தது என்று உனக்குத் தெரியும். சவிரி சொல்லாமல் போனவர், பொஞ்சாதி இரண்டு நாள் சும்மா இருந்தவள். இரண்டு வருசமாக ஸ்ரெலா இந்த இரண்டையும் சுமந்துகொண்டு திரிகிறாள். செத்தவரோடு அவளுக்குக் கோபம். தன்னோடும் கோபம்.

உனக்கு எட்டு வயதில் மடுத் திருவிழாவில் தொலைந்து போனது நினைவிருக்கிறதா? நீ என்னோடு என்று அப்பா நினைத்தார், நீ அப்பாவோடு என்று நான் நினைத்தேன். ஒலிபெருக்கியில் உன் பெயரை அறிவித்து, சனத்துக்குள் விழுந்து எழும்பி ஓடி வந்தால், நீ அந்த ஒலிபெருக்கிக் கொட்டிலுக்குள் ஒரு கதிரையில் இருந்து கச்சான் கடலை தின்றுகொண்டிருந்தாய். எனக்கு வந்த ஆத்திரத்தில் எல்லோருக்கும் முன்னால் கன்னத்தில் அறைந்தேன். நீ அழவில்லை. "நான் உங்களிட்டச் சொல்லிப்போட்டுத்தானே போனனான். நீங்கள் ஓம் எண்டனீங்கள்," என்றாய். பொய் சொல்கிறான் என்று இன்னொன்று போட்டேன். நீ சொன்னது உண்மை. கூடாரத்தில் சாமான் உமலைக் கட்டிக்கொண்டு நின்றபோது நீ வந்து ஏதோ கேட்டதும், நான் முகத்தைப் பார்க்காமலே ஓம் என்றதும் எனக்கு அந்த இரவே நினைவு வந்தது. இன்றுவரை உன்னிடம் சொல்லவில்லை. பிழை என்று தெரிந்த பிறகும் வாயைத் திறக்காமல் இருக்க எனக்கு நன்றாக வரும். யாரிடமும் போய்ப் படிக்கவில்லை.

நீயும் என்னிடமிருந்து அதைத்தான் எடுத்திருக்கிறாய். சவிரியின் அடக்கத்துக்கு வந்து மூன்று நாள் நின்றாய். "கொஞ்சம் துப்புரவாக்கி விடுறனம்மா," என்று சங்கத்துக் கம்பியூட்டருக்கு முன்னால் இருந்தாய். நான் தேத்தண்ணியோடு வந்தபோது உன் முகம் வெளுத்துப்போய் இருந்தது. காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை என்றாய். நீ போய்ப் பத்துநாள் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் வேறு ஏதோ பார்க்க அதைத் திறந்தபோதுதான் கண்டேன். முழுப் புரோகிராமிலும் நீ தொட்டது ஒரேயொரு வரி. அதன் கடைசியில் தனியாகப் பிரதி எடு என்று ஒரு சொல் சேர்த்திருந்தாய். கொஞ்ச நேரம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கைப்பேசியை எடுத்தேன். பழைய அழைப்புகள் அழிந்து போயிருந்தன. அழியட்டும் என்றுதானே பார்க்காமல் வைத்திருந்தேன்.

என்னைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தாய். அதற்காக உன்னோடு கோபிக்க என்னால் முடியவில்லை. ஆனால் கோபமாகவும் இருக்கிறது. பிறகு நீ ஊருக்கு வருவதைக் குறைத்தாய். நத்தாருக்கு வந்தால் ஸ்ரெலா வீட்டு ஒழுங்கையால் போகாமல் சுற்றிப் போனாய். மெலிந்தாய். இப்போது கலியாணம் முடிய மெல்பேர்ன் என்கிறாய். நல்ல வேலை என்கிறாய், இருக்கலாம். நான் தடுக்கவில்லை, தடுக்க எனக்கு என்ன வாய் இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன், இதை அந்தப் பிள்ளையிடம் சொல்லாமல் அவளைக் கட்டாதே. வெள்ளவத்தையில் வளர்ந்த பிள்ளை. அவள் வீட்டில் எல்லாவற்றையும் சத்தமாகக் கதைத்துத் தீர்க்கிறார்கள் என்று நிச்சயார்த்தத்தன்று கண்டேன், காது இரைந்தது. நம் வீட்டில் ஒருவர் பேசாமல் இருந்தால் எல்லாம் சுகம் என்று அர்த்தம். அவள் வீட்டில் அதே மௌனத்துக்கு வேறு அர்த்தம் இருக்கும். நம் வீட்டுப் பழக்கத்தை அப்படியே கொண்டுபோய் அங்கே வைத்தால் அதுவும் ஓடும். ஏழு மாதம் ஓடும், ஏழு வருசமும் ஓடும். ஓடுகிறது என்பதை வைத்துச் சரி என்று நினைக்காதே. நான் நினைத்தேன்.

அந்த முதல் ஓலைப் பூசை முடிந்து நான் வீட்டுக்குப் போகவில்லை. நேரே ஸ்ரெலா வீட்டுக்குப் போனேன். குசினி வாசலில் இருந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். ஓலை வாசித்த சந்தோசத்துக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துக் கதிரை எடுக்க எழும்பினாள். நான் நின்றபடியே சொன்னேன். "ஸ்ரெலா, சவிரி எனக்குப் போன் எடுத்தவர்."

"எப்ப?"

"அந்தத் திங்கள் பின்னேரம். நாலரைக்கு."

அவள் உரித்த உள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "என்ன சொன்னவர்? அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்கோ."

"டீச்சர், காத்துக் கூடிப்போச்சு. இண்டைக்கு வரமாட்டன், அரிப்பிலை நிக்கிறன். ஸ்ரெலாட்டையும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ எண்டவர்."

"என்ரை பேர் சொன்னவரே?"

"ஓம்."

"நீங்கள் ஏன் வந்து சொல்லேல்லை?"

செய்தி போகாவிட்டால் நீயே விளங்கிக்கொள்வாய் என்று இருந்துவிட்டேன் என்றேன். இரண்டு ஒழுங்கை தள்ளி அவள் வீடு. நடந்து போய்ச் சொல்ல ஐந்து நிமிசம். அந்தப் பிழையை எந்த மொழியிலும் மாற்றி எழுத முடியாது, தம்பி. அதைப் பைதன் செய்யவில்லை.

அவள் மகளைக் கூப்பிட்டாள். பத்தாம் வகுப்பில் நான் கணக்குப் படிப்பிக்கிற பிள்ளை. "பிள்ளை, இஞ்சை வா. அப்பா சொல்லிப்போட்டுத்தான் நிண்டவர். டீச்சரிட்டச் சொன்னவர். என்ரை பேரும் சொன்னவர்," என்றாள். பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு நான் பட்டியலின் கதையைச் சொன்னேன். மெசினின் பிழையோ என்று கேட்டாள். இல்லை, நான் எழுதினது என்றேன். எவ்வளவு காலமாகத் தெரியும் என்று கேட்டாள். இரண்டு வருசம் என்றேன். உன்னைப் பற்றியும் சொன்னேன், சொல்லாமல் விட முடியவில்லை. அவள் ஏசுவாள், அழுவாள், வெளியே போ என்பாள் என்று எல்லாவற்றுக்கும் என்னைத் தயார்படுத்திக்கொண்டுதான் போயிருந்தேன். அவள் திரும்ப இருந்து உள்ளி உரிக்கத் தொடங்கினாள். இரண்டு பல் உரித்தாள். பிறகு தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"டீச்சர், அந்தத் தண்ணிக் கான் அஞ்சு லீற்றர். காலமை நிரப்பிக் குடுத்தது நான்தான். ஒரு ஆளுக்கு அது எத்தினை நாளைக்குக் காணும்? நீங்கள் கணக்கு டீச்சர்தானே."

நான் முப்பத்திரண்டு வருசம் கணக்குப் படிப்பித்தவள். அவள் கேட்டு முடிக்கும் முன்னமே எனக்கு விடை வந்துவிட்டது, நான் திரையைத் திருப்பிக் காட்டிய அந்தப் புதன் பின்னேரமும் அதற்குள் அடங்கியது. அவள் காத்திருந்தாள். பிள்ளையும் காத்திருந்தது. கடைசியில், "நீங்கள் போங்கோ டீச்சர், உங்களுக்குக் கலியாண வேலையள் இருக்கும்," என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

நேற்று இரண்டாம் ஓலைக்கு அவள் கோயிலுக்கு வரவில்லை. அந்தப் பிள்ளை என் வகுப்பில் முன்வாங்கில் இருந்து கடைசி வாங்குக்குப் போய்விட்டது. என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டால் பாரம் குறையும் என்று சொல்கிறவர்களை இப்போது கண்டால் அறையலாம் போல இருக்கிறது. குறையவில்லை. அவளுடைய தலையிலிருந்து கொஞ்சம் இறங்கியிருக்கலாம். அதுவும் என் நினைப்புத்தான்.

மூன்றாம் ஓலைக்கு முதல்நாள் சனிக்கிழமை வந்துவிடு. கடையில் உடுப்பு எடுப்பது, படக்காரனைப் பார்ப்பது எல்லாம் பிறகு. முதலில் நீயும் நானும் அந்த ஒழுங்கையால் நடந்து போவோம். ஸ்ரெலா கதவைத் திறப்பாளோ தெரியாது. திறந்தால் உன்னிடமும் அதைத்தான் கேட்பாள், நீ கம்பியூட்டர் படித்த பிள்ளைதானே என்று. உனக்கும் விடை வந்துவிடும், என்னைவிட வேகமாக வரும். அதை அவளிடம் எப்படிச் சொல்வதென்று நான் ஒரு கிழமையாக யோசிக்கிறேன், தம்பி. எனக்கு ஒன்றும் வரவில்லை. பஸ்ஸில் வரும்போது நீயும் யோசித்துக்கொண்டு வா.

அம்மா